இருபத்து மூன்று ஆண்டு இடைவெளிக்குக் காரணம்

அனுப்புநர்:
விண்ணப்ப எண் 4417-க்கு உரியவரின் கணவர்,
லிஃப்ட் மெக்கானிக்,
மூன்றாம் மாடி, பேருந்துப் பணிமனைக்கு எதிர்க் கட்டடம்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
உயர்கல்வி உதவித்தொகை அலுவலகம்.

பொருள்: என் மனைவியின் கல்லூரிக் கட்டணக் குறையை ஈடுசெய்யும் உதவித்தொகை விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது – "படிப்பில் இருபத்து மூன்று ஆண்டு இடைவெளிக்குத் தகுந்த காரணம் காட்டப்படவில்லை" என்ற குறிப்பு – அந்தக் காரணத்தைத் தெரிவித்து மறுபரிசீலனை கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகக் கடிதம், சென்ற மாதம் 19-ஆம் தேதியிட்டது.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் வேலையில் பழுது, காரணம், செய்த வேலை என்று மூன்று கட்டம் போட்ட நோட்டில் எழுதித்தான் எனக்குப் பழக்கம். மனு எழுதுவது இதுவே முதல் தடவை. நீளம் கூடியிருந்தாலோ முறை தவறியிருந்தாலோ பொறுத்துக்கொண்டு கடைசிவரை படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நடுவில் நிறுத்தினால் தவறு யார்மேல் என்பது மாறிவிடும்.

1. என் மனைவிக்கு வயது நாற்பத்திரண்டு. பெரிய மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினான்கு ஆண்டுகளாக உதவியாளராக இருக்கிறார். காலை ஏழு மணிக்கு வேலை. பயன்படுத்திய கண்ணாடிக் குழாய்களையும் ஸ்லைடுகளையும் கழுவுவது, நீராவிப் பெட்டியில் வைத்துக் கிருமி நீக்குவது, வார்டுகளிலிருந்து வரும் ரத்த மாதிரிகளை வரிசைப்படுத்தி அடுக்குவது ஆகியவை அவர் பொறுப்பு. படிப்பு கேட்கும் வேலை அல்ல. ஆனால் அவர் அதைப் படிப்போடுதான் செய்து வந்திருக்கிறார். எந்தக் குழாயில் எதைப் பார்க்கிறார்கள், எது எத்தனை நேரம் தாங்கும், எதைக் குலுக்கக் கூடாது என்பதெல்லாம் கேட்காமலே கற்றுக்கொண்டவர்.

2. சென்ற ஆண்டு அந்தக் கூடத்துக்கு ஒரே பெயரில் இரண்டு நோயாளிகளின் மாதிரிகள் ஒரே வேளையில் வந்தன. அதில் ஒருவருக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. குழாயில் எழுதியிருந்த கட்டில் எண்ணும் கூடவே வந்த படிவத்தில் இருந்த கட்டில் எண்ணும் ஒத்துப்போகவில்லை என்பதைக் கவனித்தவர் என் மனைவி. குழாய்களைக் கையில் பிடித்துக்கொண்டு "இதை இப்பவே நிறுத்துங்க" என்று சொல்லியிருக்கிறார். தலைமை டெக்னீஷியன் அம்மா வார்டுக்கு ஓடிப்போய் இருவருக்கும் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்ததில், மாறியிருந்தது உறுதியானது. மாறிய ரத்தம் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் எழுதத் தேவையில்லை.

அன்று மாலை தலைமை டெக்னீஷியன் அம்மா சொன்னதை என் மனைவி வீட்டில் வந்து சொன்னார். "இந்தக் கண்ணை வச்சுக்கிட்டு இன்னும் எத்தனை வருஷம் குழாய் கழுவப் போறீங்க? போய்ப் படிங்கம்மா." இவர் "இந்த வயசுலயா?" என்று கேட்டிருக்கிறார். "குழாய்க்கு உங்க வயசு தெரியுமா?" என்று அந்த அம்மா கேட்டாராம். அதைச் சொல்லிவிட்டு என் மனைவி சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

3. தங்கள் ஆளுகைக்கு உட்பட்ட கல்லூரி ஒன்றில் மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பத்துக்கு மூன்றாண்டு மாலை வகுப்பு இருப்பது தெரியவந்தது. நுழைவுத் தேர்வு எழுதினார். அறுபது இடங்களில் பதினோராவது இடம் பெற்றார். அவருக்கு முன்னால் இருந்த பத்துப் பேரில் மூத்தவருக்கு வயது இருபத்து நான்கு.

4. இடம் கிடைத்த மகிழ்ச்சி கட்டண அட்டையைப் பார்க்கும்வரைதான். எங்கள் இருவர் சம்பளச் சீட்டுகளையும் இணைத்துள்ளேன், பார்த்தால் புரியும். பதினோராம் வகுப்புப் படிக்கும் எங்கள் மகள் ஒருத்தி இருக்கிறாள். வீட்டில் அவளைப் பொடிசு என்போம். உதவித்தொகை தேடும் வேலையை அவள்தான் கையில் எடுத்தாள். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் கட்டம் போட்டு, எந்த அறக்கட்டளை, எந்தச் சங்கம், கடைசித் தேதி என்ன, என்னென்ன சான்றிதழ் வேண்டும் என்று எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டினாள். மொத்தம் பத்தொன்பது இடம். பெரும்பாலானவை இருபத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு. ஒன்று நீச்சல் வீராங்கனைகளுக்கு. ஒன்று உயரமான பெண்களுக்கு மட்டுமாம். என் மனைவி ஐந்தடிக்கு ஓரங்குலம் குறைவு. "இதுக்கு மட்டும் நீ கொஞ்சம் வளரணும்மா" என்றாள் பொடிசு. "நாப்பது வருஷமா வளராதவ, நாலு வாரத்துல வளரவா?" என்று அவர் அந்தக் கட்டத்தை அடித்தார்.

உறவினர் சிலர், இருப்பதை மகளின் படிப்புக்கு வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டார்கள். அவர்களுக்குப் பதில் சொன்னதும் பொடிசுதான். "எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. அம்மாவுக்கு வந்த பஸ் இதுதான்."

5. அப்படித் தேடியதில் நான்கில் மூன்று பங்குக்கு வழி பிறந்தது. மருத்துவமனை ஊழியர் கல்வி நிதியிலிருந்து ஒரு பங்கு. இடையில் படிப்பை விட்ட பெண்களுக்கென்று உள்ள ஒரு சங்கத்திலிருந்து ஒரு பங்கு; அவர்கள் ஒரு கட்டுரை கேட்டார்கள், இவர் கண்ணாடிக் குழாயை எப்படிக் கழுவ வேண்டும் என்பதை நாலு பக்கம் எழுதி அனுப்பினார், அதற்கே கொடுத்தார்கள். மூன்றாவது பங்கைக் கல்லூரியே வேலையாகக் கழித்துக்கொள்கிறது: சனிக்கிழமைகளில் கல்லூரி ஆய்வகத்தைச் சுத்தம் செய்து அடுக்கித் தருவது. இதே வேலைதான், இதே கைதான். ஆனால் அங்கே போகும்போது கழுத்தில் மாணவர் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு போகிறார்.

மீதி ஒரு பங்குக்குத்தான் தங்கள் அலுவலகத்தின் கட்டணக் குறை ஈட்டுத் திட்டத்துக்கு விண்ணப்பித்தார். இந்த மாதம் 28-ஆம் தேதிக்குள் அந்தப் பங்கு செலுத்தப்படாவிட்டால் இடம் ரத்தாகும் என்று கல்லூரி எழுத்தில் தெரிவித்துள்ளது. இப்போது தற்காலிக அனுமதியில் வகுப்புக்குச் செல்கிறார்.

6. விண்ணப்பத்தைக் கொடுக்க அவரே தங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்தார். இரண்டாம் எண் ஜன்னலில் இருந்த தம்பி படிவத்தைப் புரட்டிவிட்டு, "உங்க பொண்ணு வரலையாம்மா? கையெழுத்து அவங்கதான் போடணும்" என்றிருக்கிறார். "நான்தான் தம்பி அந்தப் பொண்ணு" என்றிருக்கிறார் இவர். அந்தத் தம்பி எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டு, உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துச் சரிபார்த்து வாங்கிக்கொண்டாராம். அவர்மீது எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. அவருக்கு என் நன்றியை இந்த மனு வழியாகத் தெரிவித்துக்கொள்கிறேன்.

அந்தப் படிவத்தின் பதினாறாம் கட்டம் "படிப்பில் இடைவெளி இருப்பின், காரணம்" என்பது. இரண்டு விரல் அகலம் உள்ள கட்டம். என் மனைவி அதில் "குடும்பச் சூழ்நிலை" என்று எழுதினார். அவர் எழுதும்போது நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். பேனா அந்தக் கட்டத்தின்மேல் நின்று யோசித்ததையும் பார்த்தேன். அப்போதே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

7. சென்ற மாதம் தங்கள் கடிதம் வந்தது. பொடிசு சத்தமாகப் படித்தாள். இடைவெளிக்குத் தகுந்த காரணம் காட்டப்படவில்லை. என் மனைவி அடுப்பைத் துடைத்துக்கொண்டே, "சரியாத்தானே சொல்லியிருக்காங்க. காய்ச்சல்னு எழுதியிருந்தா மட்டும் ஒத்துக்குவாங்களா?" என்றார். பிறகு கதவில் ஒட்டியிருந்த காலண்டர் தாளைக் கிழிக்காமல், கதவில் பசை தங்காமல், மெல்ல உரித்து எடுத்து மடித்து வைத்தார்.

அந்தக் காய்ச்சலைப் பற்றித்தான் இனி எழுதப் போகிறேன். இந்த மனுவின் முக்கியப் பகுதி இதுவே.

8. இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் என் மனைவி வேதியியல் பட்டப் படிப்பில் முதலாண்டு முடித்திருந்தார். வகுப்பில் இரண்டாவது மதிப்பெண். அப்போதும் தங்கள் அலுவலக உதவித்தொகையில்தான் படித்தார். ஆணையின் நகலை இணைத்துள்ளேன். அந்த விடுமுறையில் எங்களுக்குக் கல்யாணம் நடந்தது. தொடர்ந்து படிக்கவைக்கிறேன் என்று பெண் பார்த்த அன்றே சொன்னேன். சொன்னபோது மனதாரத்தான் சொன்னேன்.

இரண்டாமாண்டுக்கு உதவித்தொகையைப் புதுப்பிக்க ஒரு படிவம் உண்டு. கடைசி நாள் ஒரு வியாழக்கிழமை. அதற்கு இரண்டு நாள் முன்னால் அவருக்கு டைபாய்டு வந்து படுத்துவிட்டார். நூற்று மூன்று டிகிரி. அந்த வியாழன் காலை படுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டு, உறையில் வைத்து ஒட்டி, என்னிடம் கொடுத்தார். "நாலு மணிக்குள்ள குடுத்துடுங்க. ரசீது வாங்க மறந்துடாதீங்க."

9. அப்போது தங்கள் அலுவலகம் பழைய கட்டடத்தில், கீழ்த்தளத்தில் இருந்தது. அன்று எனக்கு வேலை அதற்கு நேர் எதிரே ஆறு மாடிக் கட்டடத்தில். லிஃப்ட்டின் பிரேக் கட்டையை மாற்ற வேண்டியிருந்தது. மொட்டை மாடியில் உள்ள மெஷின் அறையின் ஜன்னலில் நின்றால் தங்கள் அலுவலக வாசல் தெரியும். தூரம் என்று சொல்ல வழியில்லை. சாலையைக் கடந்தால் போதும்.

காலையில் வரிசை நீளமாக இருந்தது. மதியம் போகலாம் என்று நினைத்தேன். மதியம் வரிசையே இல்லை. நான் அந்த அறையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். உறை என் கருவிப் பையில் இருந்தது. வேலை இரண்டரை மணிக்கு முடிந்துவிட்டது. அதன்பிறகு மாட்டிய பிரேக்கை நான் மூன்று முறை கழற்றி மாட்டினேன். நாலு மணிக்கு வாசலில் காவலர் ஷட்டரை இழுத்துவிட்டதை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

உறையைக் கிழிக்க மனம் வரவில்லை. மெஷின் அறைச் சுவரில் மின் பெட்டிக்குப் பின்னால் செருகிவிட்டு இறங்கினேன். அந்தக் கட்டடம் எட்டு ஆண்டுகளுக்கு முன் இடிக்கப்பட்டுவிட்டது. ஆகவே அதை இந்த மனுவோடு இணைக்க இயலாததற்கு வருந்துகிறேன்.

வீட்டுக்குப் போய், "வாங்க மாட்டேன்னுட்டாங்க, என் முறை வர்றதுக்குள்ள நேரம் முடிஞ்சுபோச்சாம்" என்று சொன்னேன். அவர் என்னைச் சந்தேகப்படவில்லை. "நேத்தே குடுத்து அனுப்பியிருக்கணும். இந்தக் காய்ச்சல் கெடுத்துடுச்சு" என்றார். உதவித்தொகை இல்லாமல் கட்டணம் கட்ட அன்று எங்களிடம் வழி இல்லை. படிப்பு நின்றது.

10. ஐயா, இருபத்து மூன்று ஆண்டுகளாக என் மனைவி தன் உடம்பைத்தான் குற்றவாளி என்று நினைத்து வந்திருக்கிறார். "அந்தக் காய்ச்சல் மட்டும் வராம இருந்திருந்தா" என்று அவர் சொல்லி நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. பொடிசுக்குப் பள்ளியில் எந்தப் படிவம் கொடுத்தாலும் அன்றைக்கே நிரப்பி அடுத்த நாளே கொடுக்கவைப்பார். "கடைசி நாள் வரைக்கும் வைக்காதே. காய்ச்சல் யாரைக் கேட்டு வரும்?" என்பார். நான் தலையைக் குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவேன்.

அவர் முகம் கோணாமல்தான் வாழ்ந்தார். என்னோடு சண்டை போட்டது உண்டு, அதெல்லாம் தண்ணீர் வராததற்கும் நான் துண்டைக் கட்டிலில் போட்டதற்கும். இதற்காக ஒரு நாளும் இல்லை. சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

11. தங்கள் கடிதம் வந்த நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பிற்பகல். அவர் பால்கனியில் காய்ந்த துணிகளை எடுத்து வந்து மடித்துக்கொண்டிருந்தார். நான் எதிரே போய் நின்றேன். "காய்ச்சல் இல்ல. நான்தான். அன்னிக்கு நான் சாலையைத் தாண்டவே இல்ல" என்று சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். மேலே 9-ஆம் பத்தியில் எழுதியிருப்பதைவிட ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அவர் கையில் இருந்த சட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பிறகு கேட்டார்:

"அன்னிக்கு மதியம் சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன்."

"நான் சாப்பிடல. நீங்க வந்து குடுத்தாச்சுன்னு சொல்லட்டும், அப்புறம் எழுந்து சாப்பிடலாம்னு படுத்திருந்தேன்."

அதற்குமேல் அவர் எதுவும் சொல்லவில்லை. ஒன்பது நாள் சொல்லவில்லை.

12. அந்த ஒன்பது நாளும் அவர் வேலைக்குப் போனார், கல்லூரிக்குப் போனார், ஒரு வகுப்புக்கூடத் தவறவில்லை. வருகைப் பதிவேட்டைத் தாங்கள் சரிபார்க்கலாம். எனக்குச் சொல்ல வேண்டியது பொடிசு வழியாக வந்தது. "உங்கப்பாகிட்ட சொல்லு, கேஸ் தீரப்போகுது." நான் பக்கத்திலேயே நிற்பேன். பொடிசு என் பக்கம் திரும்பி, "அப்பா, கேஸ் தீரப்போகுதாம்" என்பாள். மூன்றாம் நாள் அவள், "இப்படியே போனா நான் தபால் செலவு கேட்பேன், பார்த்துக்குங்க" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. அவளும் அதற்குப் பிறகு விளையாடவில்லை.

ஆறாம் நாள் மாலை அம்மா வகுப்பில் இருந்த நேரத்தில் அவள் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். "ஏன்ப்பா செஞ்சீங்க?" என்று கேட்டாள்.

தாங்களும் அதையே கேட்பீர்கள் என்பதால் அவளுக்குச் சொன்ன பதிலையே எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்பு படித்து, தொழிற்பயிற்சி முடித்தவன். கல்யாணமான புதிதில் அவர் படிக்கும் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். ஒரு வரி புரியவில்லை. அவர் எனக்குச் சொல்லித்தர முயன்றார், அன்பாகத்தான். நான் தூக்கம் வருவதாகச் சொல்லிவிட்டேன். அந்த மெஷின் அறையில் உட்கார்ந்தபோது எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. இவர் படித்து முடித்தால் என்னோடு பேச இவருக்கு என்ன இருக்கும் என்பது மட்டும்தான் தோன்றியது. பயந்தவன் செய்கிற காரியம் அது. கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று சொல்லித் தப்பிக்க நான் விரும்பவில்லை. செய்ததன் விளைவு இரண்டுக்கும் ஒன்றுதான்.

"அம்மா படிக்காம இருந்தப்போ மட்டும் உங்ககிட்ட என்ன பேசினாங்க?" என்று கேட்டாள் பொடிசு. யோசித்துப் பார்த்தேன். குழாய், ஸ்லைடு, எந்த ரத்தம் எப்படி உறையும், தலைமை டெக்னீஷியன் அம்மா என்ன சொன்னார்: பதினான்கு வருடமாக அவர் எனக்குச் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறார். நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். எனக்குப் புரிந்தும் இருக்கிறது. நான் பயந்தது நடக்கவே போவதில்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

13. பத்தாம் நாள் காலை வேலைக்குக் கிளம்புமுன் என் மனைவி சாப்பாட்டு மேசையில் ஒரு வெள்ளைத்தாள் கட்டையும் பேனாவையும் வைத்தார். நேராக என்னைப் பார்த்துப் பேசினார்.

"என்கிட்ட சொன்னதை அவங்ககிட்டயும் சொல்லுங்க. காரணம் காட்டலைன்னுதானே கேட்டிருக்காங்க? காரணம் வீட்டுக்குள்ளயே உட்கார்ந்திருக்கு. எழுதுங்க. ஆனா அழுது எழுதாதீங்க. நடந்ததை எழுதுங்க."

"நீ என்னை மன்னிச்சுட்டியா?" என்று கேட்டேன்.

"அது வேற, இது வேற. முதல்ல இதை எழுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வாசலுக்குப் போனவர் திரும்பி வந்து, "கேஸ் மாத்திட்டீங்களா?" என்று கேட்டார். என்னிடமே கேட்டார்.

14. ஆகவே ஐயா, தாங்கள் கேட்ட காரணம் இதுதான். விண்ணப்பதாரர் படிப்பைத் தானாக விட்டுவிடவில்லை. அக்கறையின்மையால் விடவில்லை. உடல்நலக் குறைவால்கூட விடவில்லை. உரிய நேரத்தில், உரிய கையொப்பத்துடன், உரிய படிவத்தை அவர் கொடுத்துவிட்டார். அது தங்கள் அலுவலகத்துக்கு வந்து சேராததற்கு அவர் பொறுப்பல்ல. "குடும்பச் சூழ்நிலை" என்று அவர் எழுதியது தவறு என்றும் சொல்ல முடியாது. அந்தச் சூழ்நிலையின் முழுப் பெயர் என்ன என்பது அவருக்கு அப்போது தெரியாது.

15. இனி விதிமுறை பற்றி. தங்கள் திட்டத்தின் அச்சிட்ட விதிகளைப் பொடிசும் நானும் வரி வரியாகப் படித்தோம். வயது வரம்பு எங்கும் இல்லை. இடைவெளிக்கு உச்ச அளவும் இல்லை. ஒன்பதாம் விதியில், காரணம் போதவில்லை என்று கருதினால் விண்ணப்பதாரரிடம் எழுத்தில் விளக்கம் கேட்டுப் பதினைந்து நாள் அவகாசம் தர வேண்டும் என்று உள்ளது. எங்களுக்கு அப்படி ஒரு கடிதம் வரவில்லை. நேராக நிராகரிப்புத்தான் வந்தது. இதைக் குறையாகப் பணிவுடன் பதிவு செய்கிறேன். ஒருவேளை கேட்டிருந்தால் நான் அப்போதே உண்மையைச் சொல்லியிருப்பேனா என்று தாங்கள் கேட்டால், அதற்கு உறுதியாகப் பதில் சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆனால் என்னைப் போன்ற கணவன் வாய்க்காதவர்களுக்கும் இரண்டு விரல் அகலக் கட்டத்தில் அடங்காத காரணங்கள் இருக்கும். அவர்களுக்காகவாவது அந்த விதியைக் கடைப்பிடிக்க வேண்டுகிறேன்.

16. தங்களிடம் கேட்பவை:

(அ) விண்ணப்ப எண் 4417-ஐ மறுபடி எடுத்து, இந்த மனுவை ஒன்பதாம் விதியின்படியான விளக்கமாக ஏற்று, 28-ஆம் தேதிக்கு முன் முடிவு செய்ய வேண்டும்.

(ஆ) அதற்குள் முடிவு செய்ய இயலாவிட்டால், பரிசீலனையில் உள்ளது என்று கல்லூரிக்கு ஒரு வரி எழுதித்தர வேண்டும். அந்த ஒரு வரி இருந்தால் இடத்தை ரத்து செய்யமாட்டோம் என்று கல்லூரி அலுவலர் சொல்லியிருக்கிறார்.

(இ) உதவித்தொகை தருவதும் தராததும் தங்கள் முடிவு. தராமல் போனாலும், அவருடைய கோப்பில் உள்ள "தகுந்த காரணம் காட்டப்படவில்லை" என்ற வரியை நீக்கித்தர வேண்டும். மூன்று ஆண்டுகளில் அவர் வேறு இடங்களுக்கும் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். என் செயல் அவர் பெயரில் ஏறி நிற்பதை நான் விரும்பவில்லை.

(ஈ) பொய் சொல்லி ஓர் உதவித்தொகையை வீணாக்கியதற்கு விதிகளில் தண்டனை எதுவும் இருந்தால் அது என்மீது மட்டும் எடுக்கப்பட வேண்டும். எந்த நாளில் அழைத்தாலும் நேரில் வந்து இதையே சொல்லக் காத்திருக்கிறேன். தங்கள் புதிய கட்டடத்தின் இடப்பக்க லிஃப்ட்டில் இரண்டாம் மாடியில் கதவு லேசாக உரசுகிறது என்று என் மனைவி சொன்னார். வரும்போது அதையும் பார்த்துத் தருகிறேன். இதை மனுவோடு சேர்த்து எண்ண வேண்டாம்.

நல்ல முடிவை எதிர்நோக்கி,

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
விண்ணப்பதாரரின் கணவர்

நாள்: 12-ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை
இடம்: பேருந்துப் பணிமனைக்கு எதிர்த்தெரு

இணைப்புகள்: நிராகரிப்புக் கடித நகல், முதலாண்டு மதிப்பெண் பட்டியல், பழைய உதவித்தொகை ஆணை நகல், மருத்துவமனைத் தலைமை டெக்னீஷியனின் கடிதம், இருவர் சம்பளச் சீட்டுகள், 28-ஆம் தேதி பற்றிய கல்லூரிக் கடிதம்.

விண்ணப்பதாரரின் குறிப்பு (என் கைப்பட):

மேலே உள்ளதை முழுக்கப் படித்தேன். நடந்தது இதுதான். ஏழு எழுத்துப் பிழைகளைத் திருத்தியிருக்கிறேன், வேறு எதையும் மாற்றவில்லை.

ஒன்றை மட்டும் அவர் எழுதாமல் விட்டிருக்கிறார். மூன்றாம் பத்தியில் மாலை வகுப்பு இருப்பது "தெரியவந்தது" என்று உள்ளது. அது தானாகத் தெரியவரவில்லை. அந்தக் கல்லூரியில் லிஃப்ட் வேலைக்குப் போனபோது அறிவிப்புப் பலகையைப் பார்த்து, அலுவலகத்தில் கேட்டு, விண்ணப்பப் படிவத்தை வாங்கி வந்து என் கையில் கொடுத்தவர் அவர்தான். எனக்குப் பயமாக இருக்கிறது, முடியாது என்று நான் சொன்னேன். தேர்வுக்கு முந்தைய இரண்டு மாதமும் சமையல் அவர் செய்தார். உப்பைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. தேர்வு நடந்த மூன்று மணி நேரமும் வெளியே வெயிலில் நின்றார், உட்கார இடம் இருந்தும்.

இவர் எழுதியது உண்மை என்றால் இதுவும் உண்மை. இரண்டும் கோப்பில் இருக்கட்டும்.

(கையொப்பம்)
விண்ணப்ப எண் 4417